இடது காலுக்கு வேலையில்லை

மார்ச் 4

என் அருமை மெக்கானிக்குக்கு,

இங்கே நான் சுகம், வீடு சுகம், புல் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். மழை விட்டதிலிருந்து இடுப்பளவு நிற்கிறது. நேற்று துணி காயப்போடப் போனவள் கொடியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை பிடிக்கப் பத்து நாள் ஆகும், அதற்குள் கோபமும் ஆறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கித் தந்த தள்ளுகிற புல்வெட்டி உடைந்து போய்ச் சேர்ந்தது. அது உயிரோடு இருந்தாலும் நாலு ஏக்கரை அதை வைத்து வெட்டுவது, நகவெட்டியால் கூடாரத்துணி வெட்டுகிற மாதிரிதான். மே கடைசிக்குள் இந்தப் புல்லை நான் ஒருத்தியாக அடக்காவிட்டால் இடத்தை மரக்கடைக்காரருக்கு விற்றுவிட்டு உங்கள் பட்டணத்து ஒற்றை அறைக்கு வந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மறக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் என் தையல் மெஷின் வந்தால் நீங்கள் வாசலில்தான் படுக்க வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் பழைய டீசல் டிராக்டர் ஒன்று வாங்கப் போகிறேன். சின்னது. புல்லும் வெட்ட வேண்டும், பாதைக்கு ஜல்லியும் இழுக்க வேண்டும், விழுந்த மரத்தையும் ஓரமாக இழுத்துப் போட வேண்டும். அதற்குத் தையலில் சேர்த்த பணம் போதும். பதினாலு வருஷமாக இன்ஜினுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்துகிறவர் நீங்கள். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று நாலாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

நைந்த வேலைக் காற்சட்டைகள் மூன்றும் வந்தன. ஒட்டுப் போட்டு, வழக்கமான லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் தையல்காரி


மார்ச் 15

அன்புள்ள தையல்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. டிராக்டர் என்பது காய்கறி இல்லை, பேரம் பேசிப் பையில் போட்டுக்கொண்டு வருவதற்கு. வேண்டாம் என்று சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீ போகிற நேரத்தில் இன்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு. லேசில் கிளம்பாத வண்டியை முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றி வைத்திருப்பார்கள். பச்சைத் தண்ணீராக ஆறிக் கிடக்கும்போது கிளப்பச் சொல். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரலாம், நிற்க வேண்டும். நிற்காத புகையும் நீலப் புகையும் வேண்டாம்.

வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க, உட்காருகிறவர் தலைக்குப் பின்னால் வளைவுக் கம்பி இருக்கும்; அது இல்லாத வண்டியை இனாமாகத் தந்தாலும் தொடாதே. குளத்துப் பக்கச் சரிவு உனக்குத் தெரியும். அங்கே குறுக்கே ஓட்டவே கூடாது, மேலும் கீழுமாகத்தான்.

கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுகிற வண்டியாகப் பார். பழுதானால் எந்த ஊர்ப் பட்டறையிலும் பார்ப்பார்கள். அவசரப்படாதே.

மரக்கடைக்காரர் இங்கே போன் செய்தார். பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்


மார்ச் 29

என் அருமை மெக்கானிக்குக்கு,

மரக்கடைக்காரரைப் பொறுத்திருக்கச் சொன்னீர்களா? ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுங்கள், ரொம்ப நாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

பழைய வண்டி விற்கிற தரகர் ஒருவர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். எட்டு மணிக்கே போய் நின்றேன். பானெட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. அவர் முகம்தான் சூடாகிவிட்டது. "என்னம்மா, இவ்ளோ சீக்கிரம்?" என்றார். "பஸ் சீக்கிரம் வந்துடுச்சுங்க" என்றேன். வண்டி ஏழெட்டுத் தரம் இருமிவிட்டுத்தான் கிளம்பியது.

"அறுநூறு மணி நேரந்தாம்மா ஓடியிருக்கு. மீட்டரப் பாருங்க. ஒரே கையில இருந்த வண்டி" என்றார்.

மீட்டர் அறுநூறுதான் சொன்னது. நான் குனிந்து மிதியைப் பார்த்தேன். ரப்பர் முழுக்கப் போய், இரும்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. என் மெஷின் மிதி அந்த அளவுக்குத் தேயப் பதினைந்து வருஷம் பிடித்தது, அதுவும் பண்டிகை மாதங்களில் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல்.

"கை ஒண்ணுதான், சரிங்க. கால் எத்தனைன்னு சொல்லுங்க" என்றேன்.

மனுஷர் சிரித்துவிட்டார். பின்கொட்டகையைத் திறந்து இன்னொன்றைக் காட்டினார். அது நல்ல வண்டி. கியர் வண்டி, மிதியும் மீட்டரும் ஒரே கதை சொல்கின்றன. நீங்கள் கேட்ட மாதிரியே இருக்கிறது.

அதற்கு மறுநாள் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடிக்குக் குடிபோகிறார், அங்கே வெட்டுவதற்குப் பூந்தொட்டிதான் இருக்கிறதாம். அவருடைய வண்டிக்கு இருபத்தெட்டு வயசு, நம் கல்யாணத்துக்கு ஒரு வயசு இளையது. மூவாயிரம் மணி நேரம் ஓடியதை மறைக்காமல் சொன்னார். எண்ணெய் மாற்றிய தேதியெல்லாம் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறார், நோயாளிக்குக் காய்ச்சல் எழுதுகிற மாதிரி. ஆறிக் கிடந்த இன்ஜின், இரண்டாம் சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, அப்புறம் சுத்தம். வளைவுக் கம்பி இருக்கிறது. புல்வெட்டி வயிற்றுக்கு அடியிலேயே மாட்டியிருக்கிறது.

இதில் கியர் மாற்றுகிற வேலையே இல்லை. வலது காலுக்கு ஒரே ஒரு மிதி. முன்பாதத்தால் அழுத்தினால் முன்னே போகிறது, குதிகாலால் அழுத்தினால் பின்னே வருகிறது. அப்படியே தையல் மெஷின். இடது காலுக்கு வேலையில்லை, சும்மா வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

என் மனசு அதில்தான் நிற்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

தையல்காரி


ஏப்ரல் 9

அன்புள்ள தையல்காரிக்கு,

மிதி விஷயம் நன்றாகப் பார்த்திருக்கிறாய். நான் அதை எழுத மறந்துவிட்டேன்.

ஆனால் நர்ஸ் வண்டி வேண்டாம். அந்த வகையில் எல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிறது. இருபத்தெட்டு வயசில் அந்த எண்ணெயைத் தள்ளுகிற பம்ப் போனால், வண்டி விலையில் பாதி அதற்கே போகும், சாமானும் சுலபத்தில் கிடைக்காது. தரகரின் இரண்டாவது வண்டியை வாங்கு. உனக்கு இரண்டு காலும் நன்றாகத்தானே இருக்கிறது? கிளட்ச் மிதிக்க என்ன கஷ்டம்? சொகுசுக்காக நல்ல வண்டியை விடுவது உன் வழக்கம் இல்லையே.

இதெல்லாம் எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. டிராக்டர் வாங்கி இந்த வருஷம் வெட்டுவாய். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம்? நான் வந்தாலும் அந்த இடத்தில் பழைய மாதிரி வேலை செய்ய முடியுமா, தெரியாது. வயசாகிறது. விற்றுவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

யோசித்துச் செய்.

மெக்கானிக்


மே 6

என் அருமை மெக்கானிக்குக்கு,

யோசித்தேன். நர்ஸ் வண்டியையே வாங்கிவிட்டேன்.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வாங்கள். மீதி அப்புறம்.

முதலில் என் மானம் போன கதை. வாங்குவதற்கு முன்பே அளவெடுத்தேன். வண்டியின் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரு அளவு, நம் கேட்டுக்கு ஒரு அளவு, தையலுக்கு விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு விரல் கூட. கச்சிதம். டிராக்டர் ராஜா மாதிரி உள்ளே நுழைந்தது, பாதியில் டங்கென்று நின்றது. அடியில் இருக்கிற புல்வெட்டி வலது பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டைக்கு அளவெடுத்துவிட்டுக் கையை மறந்த கதை. கூட வந்த நர்ஸ் கேட்டார்: "அளவெடுத்தது யாரு?"

"முப்பது வருஷமா ஊருக்கே சட்டை தைக்கிறவதான்" என்றேன். அவர் சிரித்து முடித்த பிறகு இருவரும் சேர்ந்து கேட்டையே கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது நமக்குக் கேட் இல்லை. தூண் ஒன்றைத் தள்ளி நட வேண்டும், உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

நாலு ஏக்கரும் வெட்டியாயிற்று. பன்னிரண்டு நாள். முதல் நாள் வெட்டிய கோடு, குடித்துவிட்டு வெட்டிய துணி மாதிரி. ஐந்தாம் நாளிலிருந்து நூல் பிடித்த மாதிரி. குளத்துச் சரிவில் நீங்கள் சொன்னபடி மேலும் கீழுமாகத்தான். பாதைக்கு ஜல்லி போட்டேன். விழுந்த இரண்டு மரங்களும் வேலியோரம் கிடக்கின்றன. மரக்கடைக்காரர் வந்தார். இடம் வாங்க இல்லையாம், சும்மா பார்க்க வந்தாராம். அந்த இரண்டு மரத்தையும் அவருக்கே விற்றேன்.

என்னைச் சொகுசுக்காரி என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில்.

நீங்கள் எனக்கு அனுப்புகிற காற்சட்டைகளை நான் பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன். முன்பெல்லாம் இரண்டு முட்டியும் சேர்ந்து நைந்து வரும், இரண்டு ஒட்டு வெட்டுவேன். மூன்று வருஷமாக வலது முட்டி மட்டும்தான் நைகிறது. இடது முட்டி புதுத்துணி மாதிரி இருக்கிறது. வேலைக்குக் குனிகிற மெக்கானிக் ஒரு முட்டியை மட்டும் ஏன் ஊன்றுகிறார்? போன லீவில் படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்தீர்கள். அங்கே படமே கிடையாது, பழைய காலண்டர்தான்.

நீங்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இடத்தை விற்கலாம் என்று மட்டும் சொன்னீர்கள்.

எனக்கு எந்த வண்டியும் சரிதான். தரகர் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். இந்த வண்டி எனக்காக வாங்கியதில்லை. பம்ப் போனால் போகட்டும், அதைப் பார்க்க வீட்டிலேயே ஒரு மெக்கானிக் இருப்பார், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

துணிக்கொடிக்குப் பின்னால் ஒரு துண்டு மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன். அது உங்கள் பங்கு. மே கடைசி வரை நிற்கும். அதற்குப் பிறகும் நின்றால் அதையும் நானே வெட்டிவிடுவேன், அப்புறம் இந்த வீட்டில் உங்களுக்கு வேலையே இருக்காது. பந்தயம் நான் ஜெயித்ததால் சீட்டில் முதல் உரிமை எனக்கு. நான் ஓட்டும்போது நீங்கள் பின்னால் நடந்து வரலாம். மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

உங்கள் தையல்காரி


மே 17

அன்புள்ள தையல்காரிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று ஷெட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள். உன் பழைய கடிதத்தை எடுத்து மிதியைப் பார்த்த கதையைப் படித்துக் காட்டினேன், காற்சட்டைக் கதையைக் காட்டவில்லை. "யாருய்யா அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று போர்மேன் கேட்டார். நான்தான் என்று வாய்வரை வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகப் பழைய வண்டிகளை மீட்டரைப் பார்த்துத்தான் வாங்குகிறோம், இனிமேல் மிதியைப் பார்க்கலாம் என்றார்.

முட்டி மூன்று வருஷமாக இப்படித்தான். உன்னிடம் சொன்னால் வீட்டுக்கு வா என்பாய். வந்து ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பேனே என்று பயம்.

வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். 27-ஆம் தேதி காலை வருகிறேன். தூணை நான் வந்து நடுகிறேன், புல்வெட்டியையும் சேர்த்து அளவெடுத்து வை.

கொடிக்குப் பின்னால் இருக்கிற புல்லைத் தொடாதே. இன்ஜினை நீ கிளப்பிச் சூடேற்றியும் வைக்காதே. ஆறிக் கிடக்கட்டும். நான் கை வைத்துப் பார்ப்பேன்.

உன் மெக்கானிக்