வயிற்றுவலி என்று எழுதப்படும் நோய்

அனுப்புநர்:
ஷபீ அஹமது,
நாட்டு மருந்துக் கடை,
பஜார் வீதி, ஆம்பூர்.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் துரை அவர்கள்,
வேலூர்.

விஷயம்: தோல் ஷாப்புத் தொழிலாளி எல்லம்மா விடுதலையானபின் அவளுக்கு வைத்தியம் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் ஓமத் திரவமும் சுக்கும் விற்றுப் பிழைப்பவன். வயிற்றுவலியைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி அதுதான். இவ்வட்டாரத்தில் கிணற்றிலிருந்து பிரேதம் எடுக்கும்போதெல்லாம், தீராத வயிற்றுவலியால் தலை சுற்றித் தவறி விழுந்ததாகக் கிராம முன்சீப் ரிப்போர்ட் எழுதுவது வழக்கம். கூலியாள், தோல் வியாபாரி, புது மணப்பெண், எல்லோருக்கும் அதே வலி. இவர்களில் ஒருவரும் அதற்குமுன் என் கடையில் ஓமம் வாங்கியதில்லை.

2. முன்சீப்பை நான் குறை கூறவில்லை. தானே குதித்தார் என்ற உண்மையை எழுதினால் பிழைத்தவருக்கு ஜெயில், இறந்தவர் வீட்டுக்கு அவமானம். வயிற்றுவலி என்றால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். என் தம்பி ஹபீப் கிணற்றில் விழுந்து மவுத்தானபோதும் அந்தக் கருணையே எங்களுக்குக் காட்டப்பட்டது. "இன்னா பாய், ஊருக்கெல்லாம் ஓமத்தண்ணி குடுக்கிறீங்களே, சொந்தத் தம்பிக்கு ஒரு வாய் ஊத்தலியா?" என்று பஜாரில் கேட்டார்கள். வியாபாரம் சற்றுக் குறைந்தது.

3. சென்ற வருஷம் இதுபற்றி மனு செய்தேன். அதைப் படித்தவர்கள் வயிற்றுவலியை நம்பி, கிணறுகளில் காலராவுக்குப் போடும் சிவப்பு மருந்து கலந்துவிட்டுப் போனார்கள். இப்போது விழுகிறவர்கள் சுத்தமான தண்ணீரில் விழுகிறார்கள்.

4. எல்லம்மா தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவள். ஆடி மாதத்தில் அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. அதன்பின்னும் வேலைக்கு வந்தாள்; இடித்தாள்; பேசவில்லை. பேசாமல் வேலை செய்கிறாள் என்று மேஸ்திரி மெச்சிக்கொண்டார். ஒருநாள் ஷாப்புக் கிணற்றில் குதித்துவிட்டாள். தண்ணீர் இறைக்கும் வேலு இறங்கித் தூக்கினான். முன்சீப் வழக்கமான வலியை எழுதினார். கோர்ட்டில் ஆமென்று தலையசைத்திருந்தால் அன்றே திரும்பியிருப்பாள். அவளோ, "வயிறு நல்லாத்தான் கீது சாமி. கொயந்த போனதுலேர்ந்து உள்ள இன்னாவோ ஆய்ப்போச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றாள். வலி இல்லாததால் தவறி விழவில்லை என்றாயிற்று. தவறி விழாததால் குற்றமாயிற்று. வலி எங்கே என்று சரியாகச் சொன்ன ஒரே நோயாளி, அதற்காக ஜெயிலில் இருக்கிறாள்.

5. அடுத்த மாதம் அவளுக்கு விடுதலை. ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரித்தேன். காயம் இருந்தால் கட்டுவார்களாம். பைத்தியமென்று சர்டிபிகேட் இருந்தால் பட்டணத்துக்கு அனுப்புவார்களாம். அவளுக்குக் கிணற்றில் பட்ட காயம் ஆறிவிட்டது. பைத்தியமும் இல்லை. துக்கத்துக்கு வார்டு கிடையாது. அவள் திரும்பப்போகும் வேலை அதே கிணற்றடியில். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கிடையாது.

6. ஆகவே, வேலுவின் மனைவி செல்லம்மாள் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருப்பதால், செல்லம்மாளிடமே எல்லம்மாவை ஒப்படைக்கவும், கிணற்றுக்குச் சுவர் எழுப்பச் சொல்லவும் வேண்டுகிறேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரோ நர்ஸோ இப்படிப்பட்டவர்களை உட்காரவைத்து, போலீசுக்கு எழுதாமல், சொல்வதைக் கேட்டு வைத்தியம் செய்ய ஏற்பாடு வேண்டும். எல்லம்மாவை அங்கே நானே அழைத்துப் போகிறேன்.

7. இந்நோய்க்குச் சர்க்காரிடம் பெயர் இல்லையென்றால் வயிற்றுவலி என்றே எழுதிக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆள் உயிரோடிருக்கும்போதே, எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதும்படி மட்டும் உத்தரவாக வேண்டும். ஹபீபை நாங்கள் யாரும் கேட்கவில்லை. எல்லம்மாவைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

ஆம்பூர்,
14 நவம்பர் 1934.

தங்கள் உத்தரவு வரும்வரை கடையிலேயே இருக்கும்,
ஷபீ அஹமது