மேகவல்லியின் முகமும் உன் முகமும்

முத்துமாரி துணை

லிந்துலை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிருஷாந்திக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டி அந்தச் சூட்டு ஊரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எனக்குக் கால் கடுப்பு மட்டும்தான், உன் மகள் ஷாமிலா காய்ச்சல் தடிமன் இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வருகிறாள், மழை விட்டு இப்போதுதான் துணி காய்கிறது. ஆனால் என் மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை மகள். அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்கு எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். ஒற்றைக் காம்பராவில் எதைச் சொன்னாலும் பிள்ளை காதில் விழும், வெளியே போய்ச் சொன்னால் லயத்து வரிசை வீடு முழுக்க விழும். அதனால்தான் கடதாசியில் எழுதி, பக்கத்துக் காம்பரா பிரேமினியிடம் கொடுத்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன்.

இரண்டு ஞாயிறாகப் பிள்ளை உன்னோடு பேச வரவில்லை. நீ அழுதுகொண்டு, "எம் புள்ளைக்கே என்னைய வேணாமாப் போச்சு, சித்திரைக்கு லீவுல வந்து நான் யாரப் பாக்க, இன்னும் ரெண்டு வருசத்துக்கு இங்கேயே வேலைக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அப்படி எதுவும் செய்துவிடாதே. பிள்ளைக்கு உன்மேல் கோபம் இல்லை, நானும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடந்தது வேறு, அதை முதலிலிருந்து எழுதினால்தான் உனக்கு விளங்கும், சிரிக்காமல் படி.

நீ போன பிறகு டிவியில் "கல்மண்டப ராணி" என்று ஒரு மாயாஜால நாடகம் தொடங்கினார்கள். மேகவல்லி என்று ஒரு ராணி, அவளுக்கு ஒரே மகள். மகளைச் சாபத்திலிருந்து காப்பாற்ற ராணி மலைக்குள் இருக்கிற கல்மண்டபத்துக்குப் போய் ஒரு பச்சைக் கல்லை எடுத்துக்கொண்டு வருகிறாள். வந்தவள் நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினாள், நாங்களும் மாசக்கணக்காகப் பார்த்தோம். இந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையைத் திருப்புகிறாள், முகம் அப்படியே வழுக்கிக்கொண்டு விழுகிறது, உள்ளே இன்னொருத்தி. வந்தவள் ராணியே இல்லையாம், அவள் முகத்தைத் திருடிக்கொண்டு வந்த மாயக்காரியாம், உண்மையான ராணி இன்னும் மண்டபத்தில் கல்லோடு கல்லாகக் கிடக்கிறாளாம்.

மறுநாள் மலையில் யார் கையும் தேயிலைக் கொழுந்தில் இல்லை. ராசம்மா தன் காம்பராச் சுவரில் ஒட்டியிருந்த மேகவல்லி படத்தைக் கிழித்து எடுத்தாளாம், பிறகு உண்மையான ராணிக்கும் அதே முகம்தானே என்று நினைத்து, சோற்றைப் பிசைந்து திரும்பவும் ஒட்டியிருக்கிறாள். செல்லசாமி கங்காணி, "ஏ பொம்பளைங்களா, ராணி கெடக்கட்டும், நெரையப் பாருங்க" என்று சத்தம் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வந்து, "அப்ப அந்த நெசமான ராணிக்குச் சோறு தண்ணி யாரு குடுக்குறா?" என்று கேட்டார். பிரேமினியின் போனில் இந்த நாடகம் பார்க்கிறவர்களுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது, அங்கேயும் ஒரே சண்டையாம். கதை எழுதினவனைத் திட்டுகிறவர்கள் ஒரு பக்கம், மாயக்காரிதான் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், அவளே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். பிரேமினியின் அம்மாவும் அதையேதான் சொன்னாள், "போனவ போயிட்டா, இருக்கறவதான அம்மா" என்று. அதைக் கேட்டதும் எனக்குக் கூடைக் கயிறு நெற்றியில் இறுக்கின மாதிரி இருந்தது, அடுத்த நிரைக்குப் போய்விட்டேன். ராசம்மா விடவில்லை, உண்மையான ராணி மீண்டு வர வேண்டும் என்று கோயிலில் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டிருக்கிறார், மேகவல்லி என்றாளாம், என்ன நட்சத்திரம் என்று கேட்டதற்கு, "அது நாடகத்துல இன்னும் சொல்லலங்க" என்றாளாம். அவர், "அப்ப சாமி பேருக்கே பண்ணிருவோம் தங்கச்சி" என்று முடித்துவிட்டார்.

இதில் உன் மகள் கெட்டிக்காரத்தனத்தைக் கேள். எல்லோருக்கும் முன்னாலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். முதலில் ராணி மகளுக்குக் காய்ச்சல் பார்ப்பதென்றால் புறங்கையைத்தான் நெற்றியில் வைப்பாளாம், திரும்பி வந்தவள் உள்ளங்கையை வைக்கிறாளாம், "இது அந்த அம்மா இல்ல" என்று பொங்கலுக்கு முன்னாலேயே சொன்னாள். அப்போது எல்லோரும் சிரித்தோம். முகம் விழுந்த அன்றைக்கு ராசம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றி வந்தாள், எட்டு வயதுப் பிள்ளையை. பிரேமினி அந்தக் கூட்டத்தில் எழுதிப் போட்டதில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் யார் அந்தப் பிள்ளை என்று கேட்டார்களாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு இப்படி ஒரு பேத்தி என்று நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். உன் முகம் மாவு பூசின மாதிரி வெளுத்து, கன்னம் சிவந்து, கண் பெரிசாக இருந்தது. நீ வேலை பார்க்கிற அந்த வீட்டம்மா கூப்பிட்டாளோ என்னவோ, நீ சட்டென்று தலையைத் திருப்பினாய். வெள்ளை முகம் ஒரு பக்கமாக வழுக்கி, உன் முகம் கண் இமைக்கிற நேரம் தெரிந்து, திரும்பவும் வெள்ளை முகம் வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளை போனைக் கட்டிலில் போட்டுவிட்டு விறகு அடுக்கின மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு நான் கறண்டு போய்விட்டது என்று உன்னிடம் சமாளித்தேன். அது முகத்தை அழகாக்கிக் காட்டுகிற போன் வேலை என்று பிரேமினி எடுத்துச் சொன்னாள், தன் முகத்திலேயே போட்டுக் காட்டினாள். கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் நீ அதைப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? உங்க அம்மாதான்டி என்று சத்தியம் பண்ணினால், "அந்த மாயக்காரியும் அப்பிடித்தான் அம்மாயி சொன்னா" என்கிறாள். "எங்க அம்மா வெரல்ல கொழுந்துக் கறை இருக்கும், இவங்களுக்கு இல்லையே" என்கிறாள். மூன்று வருசம் இன்னொருத்தர் வீட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறின கைக்குக் கறை எங்கிருந்து வரும், அதை அவளிடம் நான் எப்படிச் சொல்வது?

நேற்றுச் சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க பொலி சொல்லவே மாட்டேங்கிறீங்க, அம்மான்னா சொல்லும்" என்றாள். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. மலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது, நிறையட்டும் என்று நாம் எல்லோரும் பொலி சொல்வோமே, நீ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவளுக்கு முதல் பிடிச் சோறு வைக்கும்போது "பொலியோ பொலி" என்பாய், அவளும் வாயில் சோற்றோடு திருப்பிச் சொல்வாள். அஞ்சு வயதில் விட்டுப் போன பிள்ளை, அதை மறக்கவில்லை மகள். நாடகக்காரர்களுக்கும் தெரியாது, லயத்துக்கும் தெரியாது, நானே மறந்திருந்தேன்.

ஆகவே நான் சொல்கிறபடி செய். வியாழக்கிழமை சாயங்காலம் போன் எடு, ஞாயிறு வரைக்கும் தள்ளிப்போடாதே. வெள்ளிக்கிழமை உண்மையான ராணி மண்டபத்திலேயே செத்துப்போவாள் என்று பிரேமினியின் கூட்டத்தில் பேசிக்கொள்கிறார்களாம். நம் டிவியை நான் நிறுத்தினாலும் பக்கத்துச் சுவரைத் தாண்டி வசனம் வரும், அது காதில் விழுவதற்கு முன்னால் அவள் உன்னைப் பார்க்க வேண்டும். அந்த முகப்பூச்சு வேலை எதையும் போனில் வைக்காதே, கறுப்பு இருந்தால் இருக்கட்டும், தலை கலைந்திருந்தால் இருக்கட்டும். சோறோ ரொட்டியோ ஒரு தட்டில் எடுத்துவைத்துக்கொள். அழாதே, அவள் பேரைக்கூடக் கூப்பிடாதே. ஒரு பிடி எடுத்து முன்னால் நீட்டிப் பொலி சொல். இங்கே அவள் முன்னாலும் நான் தட்டு வைத்திருப்பேன். உடனே திருப்பிச் சொல்லாவிட்டாலும் கையை இறக்காதே.

நேற்று அவள், "நீங்களாச்சும் சொல்லுங்களேன் அம்மாயி" என்று கெஞ்சினாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சொல்லியிருந்தால் அவளும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பாள். நான் சொல்லவில்லை. அது நீ வந்து சொல்ல வேண்டியது.

மாரியம்மாள் உன் காலடியில் நிழலாக இருப்பாள், நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. கையெழுத்துப் போடச் சொல்லி யார் கடதாசி நீட்டினாலும் வியாழக்கிழமை முடியும் வரை பேனாவைத் தொடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
நாகலெட்சுமி