ஒன்பது வளையங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. அலுவலக நோட்டீஸ் உன் கைக்கு வருவதற்குள் இது வந்து சேர வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நேற்று விசாரணையில் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

செந்துடுப்பு மீனைக் கணக்கெடுக்க நாற்பது நாள் ஆற்றில் கிடந்தேன். நானும் படகுக்காரரும் மட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு மீன்கள். ஒவ்வொன்றையும் ஈரத்துணியில் கிடத்தி, நீளம் பார்த்து, எடை போட்டு, ஒரேயொரு செதிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டோம். செதிலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வருடத்துக்கு ஒரு வளையம். நீயும் படித்த படிப்புதான்.

ஒன்பது வளையத்துக்குக் குறைந்த மீன் ஒன்றுகூட இல்லை. அணை கட்டி ஆற்றை மறித்து ஒன்பது வருடம் ஆகிறது. முட்டையிட மேலே ஏற வழியில்லை; அதற்குப் பிறகு ஒரு குஞ்சுகூடப் பிறக்கவில்லை.

என் அறிக்கையின் முதல் வரியே அதுதான். தலைமை அலுவலகத்தில் அதைச் சுருக்கியவன் நீ. உன் சுருக்கத்தில் வயது என்ற சொல்லே இல்லை. சராசரி நீளமும் எடையும் கூடியிருக்கின்றன, இனம் ஆரோக்கியமாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். எண்கள் எல்லாம் என்னுடையவை, ஒன்றுகூடப் பொய்யில்லை. பிள்ளைகளே இல்லாத ஊரில் ஆட்களின் உயரத்தை அளந்து, எல்லோரும் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள் என்று எழுதுவது போல. அந்த ஒரு வரியைக் காட்டித்தான் இரண்டாவது அணைக்கு அனுமதி வாங்கினார்கள்.

போனில் கேட்டதற்கு, வலைக்கண் பெரிசு, குஞ்செல்லாம் நழுவியிருக்கும் என்றாய். பதினொரு நாள் கொசுவலை போன்ற வலையும் போட்டேன், தம்பி. விரல் நீளத்தில் வேறு மீன்கள் எல்லாம் வந்தன, இது வரவில்லை. அதைச் சொன்னதும் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீ எடுக்கவேயில்லை.

அனுமதிச் செய்தி வந்த அன்று படகுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். குரலை உயர்த்திப் பேசும் ஆளில்லை.

"மேடம், மீன் அழியுதுன்னு நீங்க சொன்னத நம்பித்தான் இந்த வருஷம் நாங்க யாரும் வலையே போடல. இப்ப நல்லா இருக்குன்னு போட்டிருக்கு. உங்கள்ல யாரு பொய் சொல்றது?"

கையெழுத்து என் தம்பியுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த வெட்கம்தான் அணை அனுமதி பற்றிய விசாரணைக்கு என்னை இழுத்துப்போனது.

குழுத் தலைவி அறிக்கையையும் சுருக்கத்தையும் அருகருகே வைத்துக் கேட்டார். "இந்த வரிய எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் தம்பி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். படகுக்காரர் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை.

முடிவு என்ன தெரியுமா? மீண்டும் ஆய்வு செய்ய வேண்டுமாம். ஆனால் அதுவரை கட்டுமானம் நிற்காதாம். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருப்பதால் நான் இனி அந்த ஆற்றில் இறங்கக் கூடாதாம். என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல நியாயம்.

அம்மாவிடம் நானே சொன்னேன். "ரெண்டு பேரையும் நான்தானே வளர்த்தேன்" என்றாள். யாரைக் குறை சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

உன்னிடம் விளக்கம் கேட்பார்கள். மேலிடத்தில் சொன்னார்கள் என்றால், யார் சொன்னார்கள் என்று எழுது. தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் எழுதாதே. நீ அவ்வளவு மட்டமான மாணவன் இல்லை.

எழுதி முடித்துவிட்டு ஒருமுறை வீட்டுக்கு வா. என்னைத் திட்டிவிட்டுப் போவதற்காகவாவது வா. எது எப்படிப் போனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா