இருபதின் வர்க்கமூலம்

இன்று காலை நான் வேலை பார்க்கும் கடையில் பேனர் மை வாசனை தலைக்கேறிக் கிடந்த நேரத்தில் உன் அப்பா வந்தார். உன் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பேனர் அடிக்க வேண்டுமாம். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். நீ போனபின் உங்கள் குவார்ட்டர்ஸ் பக்கமே நான் வரவில்லை. வந்தால், என்ன படிக்கிறாய் என்று கேட்பார்களே.

நம் வகுப்பில் கரும்பலகை முன் நான் நின்றது உனக்குத் தெரியும். இருபதின் வர்க்கமூலம் கேட்டார் கணக்கு சார். மனதில் நான்கு என்று வந்தது. அது தப்பு என்றும் தெரிந்தது. வாயே திறக்கவில்லை. "ஊமையா நீ?" என்றார். வகுப்பே சிரித்தது. கொஞ்ச நாளில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அம்மாவின் கான்ட்ராக்ட் வேலை போனதால்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நீ மட்டும் நம்பவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாய்.

"ஏய் லூசு, பாபிலோன்ல அந்தக் காலத்து ஆளுங்களே மொதல்ல தப்பாதான்டி ஆரம்பிச்சிருப்பாங்க. நாலுன்னு வச்சுக்க. இருபத நாலால வகு."

"அஞ்சு."

"நாலு கம்மி, அஞ்சு ஜாஸ்தி. நடுவுல?"

"நாலரை."

"அதால திரும்ப வகு, திரும்ப நடுவுல புடி. கிட்ட கிட்ட வந்துகினே இருக்கும். முழுசா வராது. ஆனா வூடு கட்ட அது போதும்."

தனியாகப் பத்தாவது பரீட்சை எழுதச் சொன்னாய். பார்க்கலாம் என்றேன். அதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

"மாதா கோயில் வாசல்ல இருபது சதுர அடிக்கு மேல கட்டக் கூடாதாம். அவ போட்டோ சதுரம். பேனரும் சதுரமா வேணும்" என்றார் உன் அப்பா.

"அப்ப அஞ்சுக்கு நாலு போட்டுரலாம் சார்" என்றார் கடைக்கார அண்ணன்.

"அது எப்பிடிங்க சதுரம்?"

கணக்குப் போட்டுப் பார்க்க அண்ணன் போனைத் தேடினார். "நாலரைக்குக் கொஞ்சம் கம்மியா வைக்கணும் அண்ணா" என்று என் குரல் கேட்டது. உன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"நீ அவகூடப் படிச்ச பொண்ணுதான? இப்ப என்னம்மா படிக்கிற?"

முகம் எரிந்தது. "படிக்கல அங்கிள். நிறுத்திட்டேன்."

"ஏம்மா?"

நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. "ஞாயித்துக்கிழம பூசை. நீ வரணும்" என்று மட்டும் சொன்னார்.

உன் அம்மா கேட்பார்கள். நம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் இருப்பார்கள், அவர்களும் கேட்பார்கள். நினைத்தாலே உடம்பு கூசுகிறது. 'ஏன்' என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் நல்ல சுடிதாரைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.