வெள்ளிக் காசில் உன் விரல்

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே மழை விடவில்லை. அவசரத்தில் கட்டிய மூட்டைக்குள் உன் குங்குமச் சிமிழ் திறந்துகொண்டது. ஈரமண் வாடைக்கு நடுவே அந்த வாசம் வந்ததும், நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரியாது, உனக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் நான் எதைச் செய்திருக்கிறேன்?

தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நிலம் வெடித்திருக்கிறது. கையை விட்டால் உள்ளே போகிறது. கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, மழை புடிச்சா உள்ள இருக்காதீங்க" என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து கூரையில் சொட்டு விழுந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மகன் கலஹா டவுனில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறான். அட்வான்ஸ் கொடுக்க வழியில்லை. அப்போதுதான் உன் காசு நினைவுக்கு வந்தது.

தோட்டத்துத் துரையின் பங்களாவில் நீ வளர்த்த பிள்ளைக்காக, ஊரை விட்டுப் போகும்போது துரைசாணி கொடுத்த வெள்ளிக் காசு. அது கண்ணாடி மாதிரி ஒரு பெட்டிக்குள் இருந்தது. யார் கையும் படாத காசு, திறக்காமல் வைத்தால் பிற்காலத்தில் நல்ல விலை போகும் என்று அவர் சொன்னதை நீயே வந்து சொன்னாய். அந்தத் தீபாவளிக்கே திறந்தும் விட்டாய்.

"அடியே, தொறக்கக் கூடாதுன்னாங்களே!"

"சாமிக்கு வைக்கிறத டப்பாவுல அடைச்சா வைப்பாங்க? நீங்க சும்மா இருங்க."

மோதிர விரலால் காசின் நடுவில் சந்தனம் வைத்தாய், அதன்மேல் குங்குமம். கும்பிட்டு முடிந்ததும் முந்தானையால் ஒற்றி எடுத்து மூடி வைத்தாய். நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால், அடுத்த வருஷத்திலிருந்து பெட்டியின் மேலேயே பொட்டு வைக்கத் தொடங்கினாய்.

அந்தப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு போன வாரம் கண்டிக்குப் போனேன். பேராதனையில் பஸ்ஸில் ஏறிய ஒருவன் என்னை உரசி நின்றான். கண்டி வரும்வரை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. இந்தக் கிழவனுக்கு இந்தக் காசு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? துரைசாணி எந்தத் தேசத்திலோ. நீயும் இல்லை. சாட்சிக்கு நான் யாரைக் கூப்பிடுவேன்?

பழைய காசு வாங்கி விற்கும் கடை அது. முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். "வாங்க ஐயா, இரிங்க" என்று கதிரையைக் காட்டினார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. காசை ஓரத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு, "நிறுத்துப் பாக்கோணும்" என்று திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நானும் வருகிறேன் என்று ஏன் சொல்லாமல் போனேன்? திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காசில் எழுத்து இருக்கிறது, எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். மாற்றிக் கொடுத்தால் எதைக் காட்டிக் கேட்பேன்?

அவர் திரும்பி வந்து ஒரு காசைத் துணிமேல் வைத்தார். முகம் தெரிகிற பளபளப்பு. நம் காசின் நடுவில் ஒரு செம்பழுப்புக் கறை இருக்குமே, அது இதில் இல்லை.

"இது எம் பொஞ்சாதி காசு இல்ல!"

கத்திவிட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"அல்லாவே! கத்தாதீங்க ஐயா. இது எங்கட கடைக் காசு. பக்கத்துல வெச்சுக் காட்டத்தான் எடுத்து வந்தேன். இந்தா ஒங்கட காசு." பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சிரித்தார். "மாத்திக் குடுக்கிற கள்ளன், இருக்கிறதுலயே நல்ல காசயா ஐயா குடுப்பான்?"

"மன்னிச்சிக்கங்க மொதலாளி" என்றேன்.

"ஒங்கட காசு கொஞ்சமும் தேயல்ல. ஆனா நடுவுல பாருங்க" என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

பார்த்தேன். கறை என்று நான் நினைத்திருந்தது ஒரு விரல். சுழி சுழியாக ரேகை. அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. நாம் கல்யாணம் கட்டிய புதிதில் அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டாயே, அந்தத் தழும்பு. நீதான்.

"தொடச்சாப் போகாதா?"

"ஐயோ, தொடச்சிட வேணாம். விபூதி போட்டுத் தேச்சீங்கன்டா இன்னும் கெட்டுப் போகும். கைபட்ட எடம் வெள்ளிக்குள்ள எறங்கிட்டு. கை படாம இருந்தாத்தான் ஐயா அதுக்கு வெல. இப்ப எடைக்கேத்த காசுதான் தரலாம்."

அவர் சொன்ன தொகை அட்வான்ஸில் ஒரு மூலைக்குக்கூட வராது. யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். "எப்ப வேணும்டாலும் வாங்க, வெள்ளி எங்கயும் ஓடாது. ஓரத்துல மட்டும் புடிங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், "அம்மா வெரலையா விக்கப் போனீங்க?" என்றான் மகன். பிறகு, "நான் எங்கயாவது பொரட்டுறேன்பா. அதுவரைக்கும் மழைன்னா கோயிலுதான்" என்றான்.

அதனால்தான் இன்றைக்கும் இங்கே இருக்கிறோம். சற்று முன் மேட்டுப் பக்கம் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பாறையா, நம் சுவரா தெரியவில்லை. பார்க்கப் போன மகன் இன்னும் திரும்பவில்லை. மருமகள் வாசலைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாள், எழுத்து கோணுகிறதாம். பெட்டியைத் திறந்து, அவர் சொன்னபடியே காசை ஓரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் கை வேர்வை உன் விரலில் பட்டுவிடக் கூடாது.

பயம் போகவில்லை. பயப்படும்போது பிடித்துக்கொள்ள உன் விரல் ஒன்று மிச்சமிருக்கிறது.