அமைதியான பிள்ளையாம் நீ

என் வாயாடித் தங்கமே, ரோஸி,

உன்னோடு படித்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேற்று வழியனுப்பு விழா. வரவில்லை என்றுதான் சொன்னேன். "ரோஸியும் எங்க பிள்ளைதாம்மா, வாங்க" என்று உன் டீச்சர் போன் போட்டார். போனேன்.

ஒவ்வொரு பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிட்டு, டீச்சர் நாலு வார்த்தை வாசித்து ரோஜாப்பூ கொடுப்பாரே, அது அப்படியேதான் நடந்தது. "கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறவ" என்று உன் கூட்டாளி சங்கீதாவைச் சொன்னதும் மண்டபமே சிரித்தது. ஒரு பையன் முதல் பீரியடிலேயே மதியச் சோற்றைக் காலி பண்ணுவானாம். அவன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் உன் பெயர். "அமைதியின் உருவம். அதிர்ந்து பேசாத பிள்ளை." எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

யாரடி அது? போன வருடம் காய்ச்சலில் சாகக் கிடந்தபோதும் நர்ஸைக் கிண்டல் பண்ணினவளா? ஓயாமல் பேசுகிறாய் என்று உன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் இதே டீச்சர்தானே?

அந்த வார்த்தைகளை உன் படத்தோடு கண்ணாடிச் சட்டம் போட்டு நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இது எம் மக இல்ல டீச்சர். அவ வாயி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்."

"இறந்த பிள்ளையப் பத்தி அப்படிச் சொல்லலாமாம்மா?"

"இருக்குற பிள்ளைகளச் சொன்னீகல்ல? எம் பிள்ளைக்கு மட்டும் ஏன் சிரிப்ப நிறுத்துனீக?"

அவர் கண் கலங்கினார். நான் தேற்றவில்லை.

கேட்டருகே சங்கீதா ஓடிவந்தாள். "ஆன்ட்டி, அவ எல்லாருக்கும் பட்டப்பேரு வச்சவ. உங்களுக்கும் வச்சிருக்கா."

"என்ன பேருடி?"

"அய்யோ, சொல்ல மாட்டேன்!"

என்னடி வைத்தாய் எனக்கு?

அடுத்த மாதம் உன் முதலாம் ஆண்டு நினைவு நாள். தெருமுனையில் வைக்கிற ஃபிளெக்ஸுக்கு, முகத்தை உம்மென்று வைத்திருக்கும் உன் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்தை அப்பா எடுத்து வைத்திருக்கிறார். நான் விடமாட்டேன். கொடைரோடு ஸ்டேஷனில் நாக்கைத் துருத்திக்கொண்டு எடுத்தாயே, அதைத்தான் போடுவேன். "ஊரு சிரிக்கும்டி" என்கிறார்.

சிரிக்கட்டும். சத்தியமாக அதைத்தான் போடுவேன்.

சண்டை போட ஆளில்லாமல் வீட்டில் கிடக்கும்
உன் அம்மா