போட்டின் அடியில் கண்ட வெடிப்பு

கற்பிட்டி
2013 யூன் 9

என் அன்பு மகன் டிலக்‌ஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். தலவில் கோயில் அன்னம்மாளின் காவலில் நானும் தங்கச்சி றஜிதாவும் மாமா அன்ரனிப்பிள்ளையும் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் இத்தாலியில் அப்படியே இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ சரியம்மா சரியம்மா என்று வைத்துவிடுவாய், கடிதமென்றால் முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மேற்கேயிருந்து கச்சான் காற்று திடீரென்று எழும்பிவிட்டது. ஒன்பது மணிக்குள் வந்துவிடுகிற மாமா பன்னிரண்டரைக்குத்தான் நம்முடைய ஃபைபர் எஞ்சின் போட்டைக் கரையேற்றினான். இறங்கினதும் முதல் வேலையாகப் படங்கை இழுத்துப் போட்டை மூடினான். ஒருநாளும் மூடாதவன் ஏன் மூடுகிறான் என்று எனக்கு அப்போதே மனம் சரியில்லை. கேட்டதற்கு, “கடல் கொஞ்சம் மோசம் அக்கா, வேற ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டு என் கண்ணைப் பாராமல் போய்விட்டான். நீ போன இந்த இரண்டு வருசமும் அவன் கரையோடுதான் ஓடுகிறான், மற்றவர்கள் கடலுக்குள் கல் நிறைந்த கற்பார் தாண்டிப் போய்ப் பெரிய மீனோடு வர இவன் சூடையும் சாளையும் கொண்டுவருவான். சோம்பல் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வேறு யோசனை வந்தது, எனக்குத் தெரியாமல் வெள்ளைக்காரரை ஏற்றி டொல்பின் காட்டப் போய்க் கல்லில் அடித்துவிட்டானோ என்று.

மறுநாள் அவன் புத்தளத்துக்குப் போன நேரம் பார்த்துப் படங்கைத் தூக்கினேன். முன்பக்கமிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன், டங் டங் என்று வந்த சத்தம் இடதுபக்க அடியில் ஓரிடத்தில் பொத்தென்று அடங்கிப்போனது. குனிந்து பார்த்தால் பெயின்டில் சிலந்திக்கால் மாதிரி வெடிப்பு. எஞ்சின் பூட்டுகிற பின்பக்கத்தில் இரண்டு போல்ட் தளர்ந்து கிடந்தது. உள்தட்டைத் தூக்கினேன், தண்ணீர் தேங்கி நின்றது, தொட்டு நாக்கில் வைத்தால் ஒரே உப்பு. பின்னேரம் அவன் வந்ததும் ஆரை ஏற்றினாய், எங்கே அடித்தாய் என்று றஜிதாவுக்கு முன்னாலேயே கேட்டேன். அவன் பேசாமல் நிற்க நிற்க எனக்குச் சந்தேகம் கூடியது. எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, இனி இதில் கை வைக்காதே என்றேன். கூடப்பிறந்தவன், கள்ளன் மாதிரித் தலை குனிந்துகொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஃபைபர் ஒட்டுகிற தாஹிர் நானா வந்தார். வெடிப்பைச் சுற்றிச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இது புது அடி இல்ல தங்கச்சி, ஆரோ முந்தியே உள்ளுக்கு ஒரு துண்டு வெச்சு அவசரமா ஒட்டி மேல பெயின்ட் அடிச்சிரிக்கி, ரெண்டு வருசமாவது இருக்கும்” என்றார். இரண்டு வருசம் என்றால் நீ போன காலம். மாமாவைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினேன். அப்போதுதான் சொன்னான். “டிலக்‌ஷன் போறதுக்கு ஐஞ்சு நாளைக்கு முந்திப் போட்டைக் கல்லில ஏத்திப்போட்டான் அக்கா. உங்களுக்குத் தெரிஞ்சால் பயணத்தை நிப்பாட்டிப்போடுவியள் எண்டு அழுதான், என்னட்டச் சத்தியம் வாங்கிப்போட்டான்.” அந்த ஒட்டுக்குப் பயந்துதான் அவன் இவ்வளவு காலமும் கற்பாருக்கு அப்பால் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காற்று போட்டை வெளியே தள்ளி, ஒட்டு விட்டு, ஒரு கையால் எஞ்சினைப் பிடித்து மறுகையால் தண்ணீர் இறைத்து மூன்று மணித்தியாலம் கிடந்து வந்திருக்கிறான். அவனுக்கு நீச்சல் போதாது என்று உனக்குத் தெரியுந்தானே மகன்.

தெரிந்திருந்தால் உன்னை விட்டிருப்பேன் என்று பொய் சொல்லமாட்டேன், நிப்பாட்டித்தான் இருப்பேன். அதற்காக மாமாவின் உயிரை அந்த ஒட்டுத் துண்டில் விட்டுவிட்டா போவது? அன்றைக்கே நானும் றஜிதாவுமாக எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் வைத்தோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன்தான், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா” என்றான். தாஹிர் நானா பழையதை வெட்டியெறிந்து புதிதாய் ஒட்டித் தந்தார், காய்ந்த பிறகு நானே தட்டிப் பார்த்துத்தான் இறக்கவிட்டேன்.

இப்போது எனக்கு உன்னில்தான் சந்தேகம். இரவில் அதைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை சுகம், முதலாளி நல்லவர், சாப்பாடு நல்லம் என்று ஒரே பாட்டுத்தான் பாடுகிறாய். பாஸ்குத் திருநாளுக்கு நீ அனுப்பின மூன்று படத்தையும் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் உன் வலது கை கோட்டுப் பைக்குள்ளே இருக்கிறது. குளிர் என்று சொல்லாதே, பக்கத்தில் நிற்கிற பொடியன் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறான். மாமாவுக்கு நீயே போன் எடுத்துக் கதை. எனக்கு உன் கையைப் பற்றி உண்மையை எழுது. எதுவாக இருந்தாலும் நான் தாங்குவேன், ஒளித்தால்தான் தாங்கமாட்டேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. பூசையைத் தவறவிடாதே. பதிலை வலது கையால் எழுது.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா
யூஜீனியா